உத்திரமேரூரில் ஒடியல் மா கிடைக்காது

முதல் நாளே என் பை போய்விட்டது. பருத்தித்துறையில் கட்டிய பை அது. விமான நிலையத்துச் சுங்கக்காரர் உள்ளே கையை விட்டுக் கிளறி, மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பித் தந்த பை. உத்திரமேரூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது நான் வந்த பஸ் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸை மறித்து எங்கள் எல்லாரையும் அதில் திணித்தார்கள். ஏற்கெனவே நிரம்பியிருந்த பஸ். யாருடைய முழங்கையோ என் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது. பை நினைவுக்கு வந்தபோது இரண்டு ஏரிகளைத் தாண்டியிருந்தோம். கண்டக்டர் போன் போட்டுக் கேட்டார். அந்த பஸ்ஸில் பை எதுவும் இல்லையாம். சொல்லிவிட்டு அவர் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

பைக்குள் இரண்டு கிலோ ஒடியல் மா இருந்தது. பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் கல்லுப்போல் காயவைத்து இடித்த மாவை நாங்கள் அப்படிச் சொல்வோம். அதோடு வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பனங்கட்டி, திருக்கைக் கருவாடு. இவை எல்லாம் சேர்ந்தால் ஒடியற்கூழ். என் தம்பி சிவபாலனுக்கு உயிர் அது. அவனுடைய முப்பத்தோராம் நாளுக்கு அதைக் காய்ச்சிப் படைக்கத்தான் வந்தேன்.

சண்டைக் காலத்தில் படகேறிப் போனவன் அவன். சில வருடம் அகதி முகாமில் இருந்தான். பிறகு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை தேடி இந்தப் பக்கம் வந்தான். சாலவாக்கம் போகும் வழியில் ஒரு கிராமத்துக் காலனியில், கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துப் பெண்ணைக் கட்டினான். அவள் பெயர் எஸ்தர். அவன் செத்த மறுநாள் அவள்தான் எனக்குப் போன் செய்தாள். அவளுடைய குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். முப்பத்தோராம் நாளுக்கு நீங்க வரணும்க்கா என்று மட்டும் சொன்னாள். அழவில்லை.

பஸ் நிலையத்தில் என்னை உடனே கண்டுகொண்டாள். அவர் மூக்கு அப்படியே உங்களுக்கும் கீது என்றாள். ஐம்பது வயது இருக்கலாம். மெலிந்தவள். பின்னலில் நரை. பை தொலைந்த கதையைச் சொன்னேன். போனா போவுது, இங்க கிடைக்கறத வெச்சி செஞ்சிக்கலாம் என்றாள். வீட்டில் எனக்காகக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டிருந்தாளாம், பக்கத்து வீட்டில் இரவலாக. எனக்கு முழங்கால் ஏலாது, நாற்காலி போலக் குந்துகிற கக்கூஸ் வேண்டும் என்று சொல்லி பஸ் நிலையத்துக்கு அருகிலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டேன். முழங்கால் வலி பொய்யில்லை. ஆனால் லாட்ஜிலும் அப்படியான கக்கூஸ் இல்லை.

அவள் ஒரு தூக்கில் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் கொண்டுவந்திருந்தாள். வயிறு சரியில்லை, பிறகு சாப்பிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவள் போனதும் லாட்ஜின் பின்பக்கம் போய்த் தூக்கைக் கவிழ்த்தேன். ஒரு நாய் வந்து தின்றது. கீழே இருந்த ஓட்டலில் இறங்கிப்போய் நான்கு இட்லி சாப்பிட்டேன். எங்கள் ஊர் இட்லியைவிட மெத்தென்று இருந்தது, சாம்பாரில்தான் சீனி போட்டதுபோல் ஓர் இனிப்பு. அந்த இட்லியை அவித்தவர் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் சாமான் வாங்கும் நாள். எஸ்தர் எட்டு மணிக்கே வந்துவிட்டாள், கழுவி வைத்த தூக்கை வாங்கிக்கொண்டாள். இட்லி நல்லா இருந்துதா என்றாள். நல்லா இருந்தது என்றேன்.

இந்த ஊரில் எது எங்கே கிடைக்கும் என்பதை அன்று நன்றாகத் தெரிந்துகொண்டேன். நல்ல காய்கறி கடைக்குள் இல்லை, கடைகளுக்கு வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கிராமத்துப் பெண்களிடம் இருக்கிறது. முருங்கைக்கீரையைக் கட்டாகக் கட்டாமல் கிளையோடு ஒடித்துக்கொண்டு வருகிறார்கள், இலை வாடுவதில்லை. பயற்றங்காய் என்று கேட்டேன், ஒருத்திக்கும் விளங்கவில்லை. எஸ்தர் கை நீட்டிக் காட்டியதும் காராமணி என்றார்கள். மரவள்ளியைக் குச்சிக்கெயங்கு என்றார்கள். செத்தல் மிளகாய் கேட்டபோது ஒரு பெண், செத்ததெல்லாம் எங்கிட்ட இல்லம்மா, எல்லாம் நேத்து பறிச்சது என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எஸ்தர் சிரிக்கவில்லை. காஞ்ச மொளகாய அப்படிச் சொல்வாங்க அவங்க ஊர்ல, எங்க வூட்லயும் அப்படித்தான் சொல்லுவோம் என்றாள்.

கூழ் காய்ச்சப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் கேழ்வரகு மாவை எடுத்து நீட்டினார்கள். மாவு மில்லிலும் அதேதான். நண்டும் மீனும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சுவது என்று நான் விளக்கியதும் மில்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் எங்கு பார்த்தாலும் பனைமரம் நிற்கிறது. தை மாதத்தில் கிழங்கை அவித்து விற்பார்களாம். காயவைத்து மாவாக்கும் வழக்கம் இல்லை. நாங்கள் பனையை வேரிலிருந்து ஓலை வரை தின்றும் வேய்ந்தும் பிழைத்தவர்கள். இவ்வளவு பனையையும் வைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி ஒடியல் மா இல்லாத ஊர்மேல் எனக்குக் காரணமில்லாத கோபம் வந்தது.

கடல் மீன் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கியிருந்தது. கண் வெள்ளை பூத்த மீன். வீட்டு வாசலில் நின்றால் கரைவலை இழுப்பது கேட்கும் ஊர்க்காரி நான், அதைத் தொடக்கூட மனம் வரவில்லை. மார்க்கெட்டுக்கு வெளியே, சாக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் அலுமினியப் பாத்திரத்தில் ஏரிக் கெளுத்தியும், வைக்கோலால் கட்டிய வயல் நண்டும் வைத்திருந்தாள். நண்டுகள் உயிரோடு நுரை கக்கிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஏரி மீனும் வயல் நண்டும் வெளியே உட்கார்ந்திருப்பவர்களிடம் வாங்குங்கள், பத்து மணிக்கு முன்னால் வாங்குங்கள். நாங்கள் போகும்போது மணி ஒன்பதரை. எஸ்தர் நண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, இரண்டை ஒதுக்கிவிட்டு மீதியை எடுத்தாள். எங்கள் ஊரில் என் அம்மாவும் அப்படித்தான் அமுக்குவாள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததைத் துரத்திவிட்டேன்.

மளிகை வாங்க ஒரு பாய் கடைக்குக் கூட்டிப்போனாள். வெளியே பார்த்தால் ஒரு கதவு அகலம், உள்ளே போனால் ரயில் பெட்டி நீளம். மிளகு, சுக்கு, புளி, பனைவெல்லம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வாசனையோடு சாக்கில் திறந்து கிடந்தன. இந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே இடம் அது. பாய்க்கு என் வயது இருக்கும். எஸ்தர் என்னை யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

“பாலன் அண்ணன் அக்காவா நீங்க? டீச்சரு?” என்றார். “டிசம்பர் லீவுல அக்கா வருது, கூளு காச்சணும்னு வருசா வருசம் வந்து நிப்பாரும்மா. பனவெல்லம் உடையாத வட்டா பாத்து எடுத்து வெக்கச் சொல்வாரு. நீங்க எத்தினி தபா வந்துகீறீங்க? நான் ஒரு தபாகூட பாக்கலியே.”

நான் வாயைத் திறக்குமுன் எஸ்தர் பதில் சொன்னாள்.

“இதான் பாய் மொத தபா.”

பாய் என்னைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார், பிறகு குனிந்து பனைவெல்லத்தைப் பொறுக்கத் தொடங்கினார். உடையாத வட்டாகப் பார்த்துத்தான் போட்டார். நான் எந்த டிசம்பரிலும் வருவதாகச் சொன்னதில்லை. அவனுக்கு நான் எழுதியது ஒரே ஒரு கடிதம். அதில் அப்படி எதுவும் இல்லை. ஏன் இப்படிப் பொய் சொல்லித் திரிந்தான் என்று மனதுக்குள் அவனைத் திட்டினேன். செத்தவனைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

கடைசியாகப் பாத்திரக் கடையில் நுழைந்தேன். பெரிய அலுமினியப் பாத்திரம் ஒன்றும் மூடியும் அகப்பையும் புதிதாக வாங்கினேன். எஸ்தர் கடை வாசலிலேயே நின்றாள். “வூட்ல டேக்சா கீதுக்கா. பெருசுதான்” என்றாள். கூழுக்குப் புதுப் பாத்திரம்தான் வாய்க்கும், பழைய மசாலா வாசம் ஏறிவிடும் என்றேன். அப்படி ஒரு விதி எங்கள் ஊரில் கிடையாது. அவள் அந்தப் பாத்திரத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தாள். அவளைச் சாலவாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பஸ் கிளம்பும்வரை எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை டவுன் பஸ்ஸில் அவர்கள் ஊருக்குப் போனேன். தண்ணீர்ப் போத்தல் நான்கு வாங்கிக்கொண்டேன். பயணத்தில் கண்ட தண்ணீரையும் குடிக்கக் கூடாது என்பது எல்லாரும் சொல்வதுதானே. பக்கத்தில் உட்கார்ந்த கிழவர், இம்மாந் தண்ணியா, எங்க ஊர்ல ஏரி ரொம்பிகினு கீதும்மா என்றார்.

வீடு சிறியது, சுத்தமானது. சுவரில் நீலப் பெயின்ட், அவன் அடித்ததாக இருக்க வேண்டும், ஒரு சொட்டுகூடத் தரையில் வழியவில்லை. அவனுடைய மகள் ஷீபா முந்தின நாள் ஷிப்ட் முடித்து வந்திருந்தாள். ஏதோ செல்போன் கம்பெனியில் வேலை. கழுத்தில் இன்னும் அடையாள அட்டை. வாங்க என்றாள். முறை சொல்லிக் கூப்பிடவில்லை. இந்தியாவுக்கு வந்து மூன்று நாளில் நான் பார்த்த முகங்களில் என் அப்பாவின் முகம் அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். நான் போத்தல் தண்ணீரைப் புதுப் பாத்திரத்தில் ஊற்றினேன். எஸ்தர் எனக்கு எதிரே குந்தி மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு போத்தல், இரண்டு போத்தல், மூன்று. நான்காவதை நான் திறக்கும்போது கத்தியைக் கீழே வைத்தாள்.

“கொழாய்த் தண்ணிதான்கா நாங்க குடிக்கிறது. அவரும் அதான் குடிச்சாரு” என்றாள்.

வயிறு ஒத்துக்கொள்ளாது என்று தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எனக்குப் படிக்கத் தெரியும்கா. பத்தாவது பாஸு. உங்க லெட்டரு வந்தப்போ அவருதான் எனக்குப் படிச்சி காட்டினாரு. கல்யாணம் பண்ணிக்கினது எல்லாருக்கும் சந்தோசம், எஸ்தர கேட்டதாச் சொல்லு, டிசம்பர் லீவுல வந்து பாக்கறேன்னு எழுதிகீதுன்னாரு. அப்புறம் பொட்டியில வெச்சி பூட்டிட்டாரு. நான் கேட்டதில்ல. அவரு போனப்புறம் ஆஸ்பத்திரி பேப்பர் தேடறப்போதான் எடுத்துப் படிச்சேன்.”

அடுப்பில் விறகு வெடித்தது. நான் நான்காவது போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கடிதத்தை அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இத்தனை வருடமும் அதையே எனக்கு நான் சொல்லி வந்திருக்கிறேன். எழுதியது மட்டும்தான் நான், சொன்னது அப்பா. அது முழு உண்மையில்லை. படம் அனுப்பாதே, இனி எழுதாதே என்பதெல்லாம் அப்பாவுடைய வசனங்கள். அந்த வீட்டுத் தண்ணீர்கூட எங்கள் தொண்டையில் இறங்காது என்ற வரி என்னுடையது. கடைசியில் இடம் மிச்சம் இருந்தது, நானாகவே எழுதினேன். படித்துக் காட்டியபோது அப்பா, நல்லாச் சொன்னாய் பிள்ளை என்றார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. தமிழ் வாத்திச்சி அல்லவா.

வாசலில் இருந்த மாமரத்தடியில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“ஏன் என்னைக் கூப்பிட்டனீர்?” என்று கேட்டேன்.

“சாப்புடத்தான்” என்றாள். “முப்பது வருசமா அக்கா வந்து நம்ம வூட்ல சாப்புடும்னு சொல்லிக்கினு இருந்தாரு. மூணு வருசம் நானும் நம்பி நண்டு வாங்கி வெச்சேன். அப்பால நம்பல, ஆனா அவரு சொல்றத நிறுத்தல. பேஜாராப் பூடும்னு நானும் ஒண்ணும் கேக்கல. அது ஒண்ணு மட்டும் பாக்கி நிக்கக் கூடாதுன்னுதான் கூப்ட்டேன்.”

திரும்பவும் கத்தியை எடுத்து மரவள்ளியை நறுக்கினாள். குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. நான் கூழைக் காய்ச்சினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒடியல் மாவுக்குப் பதிலாகப் புழுங்கல் அரிசி மாவைக் கரைத்து ஊற்றினேன், அது திரளவில்லை. நண்டு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். நிறமும் இல்லை, அந்தக் கசப்பும் இல்லை.

பத்தரைக்குப் பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். சுருக்கமாகச் செய்தார். அவன் கோயிலுக்கும் போவான், சர்ச்சுக்கும் வருவான், இரண்டிடத்திலும் பெயின்ட் அடித்துக் கொடுத்தான் என்று சொன்னார். நான் என் கூழை ஒரு கோப்பையில் ஊற்றி அவன் படத்துக்கு முன்னால் வைத்தேன். அந்தப் படத்திலிருந்த ஆளை எனக்குத் தெரியாது. தலை வழுக்கை விழுந்து, கன்னம் ஒட்டி, இந்த ஊர்க்காரன் போலவே சட்டையில் இரண்டு பொத்தானைத் திறந்துவிட்டிருந்தான்.

வந்தவர்களுக்கெல்லாம் கூழ் கொடுத்தேன். மரியாதைக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்தார்கள். ஒருவர், ரசமாம்மா இது என்று கேட்டார். எஸ்தர் மட்டும் நின்றபடியே ஒரு கோப்பை முழுவதையும் குடித்தாள். என் கையால் ஊற்றியதை, ஒரு கணமும் யோசிக்காமல். குடித்து முடித்து, அடியில் கிடந்த நண்டுக்காலையும் உறிஞ்சிவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பிறகு அவளுடைய சமையலைப் பரிமாறினார்கள். சோறு, கத்திரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு, அவித்த முட்டை. கருவாட்டுக் கொழம்புதான் அவருக்கு உசுரு என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். ஒடியற்கூழைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு இலை போட்டது எஸ்தர். இலையோரத்தில் ஒரு எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் எதிரே நின்றாள்.

நான் சொம்பை எடுத்தேன். அண்ணாந்து குடிக்கலாம். வாய் வைத்தே குடித்தேன். தண்ணீர் இறங்கியது. இறங்காது என்று எழுதியவளின் தொண்டையில் எந்தத் தடையும் இல்லாமல், சும்மா இறங்கியது. ஏரித் தண்ணீரின் மெல்லிய சேற்று வாசம் இருந்தது, அவ்வளவுதான். இவ்வளவு லேசான ஒரு காரியத்துக்காகவா என்று நினைத்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன். குழம்பில் உப்புச் சற்றுக் கூட. சோறு குழைந்திருந்தது. இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்னை மன்னித்துக்கொள்ளும் என்று சொன்னேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

எஸ்தர் இலையை மடித்து எடுத்தாள்.

“சாப்ட்டீங்க. போதும்கா” என்றாள். “மூணு மணிக்கு பஸ் கீது. ஷீபா வண்டியில வுட்ருவா.”

இன்னும் இரண்டு நாள் தங்கலாம், அவனைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவள் வேணாம்க்கா என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். வேலை முடிந்த இடத்தில் சாமான்களை ஒதுக்கி வைப்பவள் போலச் சொன்னாள். என் புதுப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, மூடியும் அகப்பையும் உள்ளே வைத்து என்னிடம் கொடுத்தாள். இங்கேயே இருக்கட்டும் என்றேன். அதற்கும் வேண்டாம் என்றாள்.

ஷீபாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, பாத்திரத்தை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். வழியில் இரண்டு பக்கமும் நெல் பச்சையாக நின்றது. அவளிடம் கேட்க எவ்வளவோ இருந்தது. உன் அப்பா வீட்டில் எப்படிக் கதைப்பார், எங்கள் பேச்சா உங்கள் பேச்சா, கடைசி நாட்களில் என்ன சாப்பிட்டார், என்னைத் தேடினாரா. காற்றில் எதுவும் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் கீரை விற்கும் பெண் ஒருத்தி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஷீபாவுக்குத் தெரிந்தவள் போல. என்னையும் பாத்திரத்தையும் ஏற இறங்கப் பார்த்தாள். யாரும்மா இது, உங்க அப்பா ஜாடையா கீதே என்று கேட்டாள்.

ஷீபா வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்காமலே பதில் சொன்னாள்.

“அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க.”